ஊதியத்துக்கு ஆடியவர்கள் – 8: தன் விலையைத் தானே குறித்த சிட்னி பார்ன்ஸ்

இத்தொடரின் முந்தைய இயல்களில் கண்ட வில்லியம் கிளார்க், 1846இல் அனைத்து இங்கிலாந்து அணியைத் திரட்டி ஊர் ஊராக ஆடி வருவாய் ஈட்டியவர். ஜேம்ஸ் லில்லிவைட், முழுக்கத் தொழில்முறை ஆட்டக்காரர்களைக் கொண்ட அணியுடன் கப்பலேறி, 1877இல் மெல்போர்னில் பின்னாளில் முதல் டெஸ்ட் என்று பெயர்பெற்ற ஆட்டத்தை ஆடியவர். இருவரும் தங்களுக்குத் தாங்களே முதலாளிகளாக இருந்தார்கள். ஆனால் 1890களுக்குள் நிலைமை தலைகீழாக மாறிவிட்டது. கவுண்டிக் கழகங்கள், அதாவது மாவட்டத்தின் பெயரைத் தாங்கிய உறுப்பினர் சங்கங்கள், ஆட்ட அட்டவணையையும் நுழைவுக் கட்டணத்தையும் தம் கைக்குள் கொண்டுவந்த பின், பந்து வீசியும் மட்டை பிடித்தும் பிழைத்தவர்கள் மீண்டும் கூலிக்காரர்களானார்கள். அந்தக் காலத்தில், சங்கம் கொடுப்பதை வாங்கிக்கொள்ளாமல், தன் உழைப்பை எவ்வளவு, எங்கே, என்ன விலைக்கு விற்பது என்பதைத் தானே முடிவு செய்த ஒருவரைப் பற்றியது இந்த இயல்.

சிட்னி பிரான்சிஸ் பார்ன்ஸ் 1901க்கும் 1914க்கும் இடையே 27 டெஸ்ட் ஆட்டங்களில் 189 விக்கெட்டுகளை, விக்கெட்டுக்கு 16.43 ஓட்டங்கள் என்ற சராசரியில் வீழ்த்தினார். முதல்தர ஆட்டங்கள் எனப்படும் கவுண்டி, நாட்டு நிலை ஆட்டங்கள் அனைத்தையும் கூட்டினாலும் அவர் ஆடியவை 133 மட்டுமே. அவர் காலத்து மற்றொரு தொழில்முறைப் பந்துவீச்சாளரான யார்க்ஷயரின் வில்பிரட் ரோட்ஸ் ஆடிய முதல்தர ஆட்டங்கள் 1,110. எடுத்த விக்கெட்டுகள் 4,204. திறமையில் ரோட்ஸுக்கு ஒரு படி மேலே வைத்துப் பேசப்படும் ஒருவர் அவரது ஆட்டங்களில் எட்டில் ஒரு பங்கை மட்டும் ஆடி நிறுத்திக்கொண்டதற்குக் காயமோ குறுகிய ஆயுளோ காரணமில்லை. பார்ன்ஸ் அறுபது வயதைக் கடந்தும் பந்து வீசியவர், 94 வயதுவரை வாழ்ந்தவர். காரணத்தை அக்காலக் கிரிக்கெட்டின் கணக்குப் புத்தகத்தில்தான் தேட வேண்டும்.

அன்றைய இங்கிலாந்துக் கிரிக்கெட்டில் ஆட்டக்காரர்கள் இரு வகுப்பினர். குடும்பச் சொத்தும் உயர்குடிப் பள்ளிக் கல்வியும் உடைய, ஊதியம் வாங்காமல் ஆடுவதாகச் சொல்லப்பட்ட அமெச்சூர்கள் 'ஜென்டில்மென்'. வாரக் கூலிக்கோ ஆட்டக் கூலிக்கோ ஆடியவர்கள் 'பிளேயர்ஸ்'. இவ்விரு வகுப்பாரும் 1806 தொடங்கி ஒருவரையொருவர் எதிர்த்து ஆடும் வழக்கமும் இருந்தது. பல மைதானங்களில் இரு சாராருக்கும் தனித்தனி உடைமாற்று அறைகள், களத்துக்குள் நுழையத் தனித்தனி வாயில்கள். ஓட்டப் பட்டியலில் அமெச்சூரின் பெயருக்கு முன்னால் தலைப்பெழுத்துகள் இடம்பெறும், தொழில்முறை ஆட்டக்காரருக்கோ குடும்பப் பெயர் மட்டும், அல்லது தலைப்பெழுத்துகள் பெயருக்குப் பின்னால். அணித்தலைவர் பதவி ஏறத்தாழ அமெச்சூர்களின் தனியுரிமை. ஊதியம் வாங்காதவர்கள் உண்மையில் ஏதும் வாங்கவில்லை என்றும் கொள்ள முடியாது: அமெச்சூர்களின் தலைமகனாகக் கருதப்பட்ட டபிள்யூ. ஜி. கிரேஸுக்கு 1895இல் பொதுமக்களிடம் திரட்டி அளிக்கப்பட்ட பணமுடிப்பு 9,000 பவுண்டுகளுக்கு மேல். எந்தத் தொழில்முறை ஆட்டக்காரரும் கனவிலும் காணாத தொகை அது.

தொழில்முறை ஆட்டக்காரரின் வருவாய்க்கு மூன்று கால்கள் இருந்தன. முதலாவது, கோடையில் ஆட்டத்துக்கு ஆட்டம் கிடைத்த கூலி. இரண்டாவது, குளிர்காலத்தில் வேலையில்லாமல் கிடக்கும் மாதங்களுக்குச் சில கழகங்கள் மட்டும் கொடுத்த சிறு தொகை. யார்க்ஷயரில் லார்டு ஹாக் ஏற்படுத்திய குளிர்கால ஊதியம் இதற்கு எடுத்துக்காட்டு. மூன்றாவது, 'பெனிஃபிட்' எனப்பட்ட உதவிநிதி ஆட்டம்: பல்லாண்டு உழைத்தவருக்கு ஒரு கவுண்டி ஆட்டத்தின் வசூலைக் கழகம் ஒதுக்கித் தரும், ஓய்வுக்காலச் சேமிப்பு என்பது பெரும்பாலும் அதுதான். இந்த மூன்றாவது கால் உரிமையாக அன்றிச் சலுகையாகவே இருந்ததால் கழகக் குழுவின் மனம் கோணாமல் நடந்துகொள்வது அதற்குரிய எழுதப்படாத விதியாயிற்று. சலுகை கிடைத்தாலும் மழையும் விதியும் குறுக்கிடும்: மிடில்செக்ஸின் ஆல்பர்ட் டிராட் 1907இல் லார்ட்ஸ் மைதானத்தில் தனக்காகவே நடந்த உதவிநிதி ஆட்டத்தில் அடுத்தடுத்த நான்கு பந்துகளில் நான்கு விக்கெட்டுகளை வீழ்த்தி, அதே இன்னிங்ஸில் மேலும் மூன்று பந்துகளில் மூவரை வெளியேற்றி, ஆட்டத்தை விரைவில் முடித்துத் தன் வசூலுக்குத் தானே உலைவைத்துக்கொண்டார். ஏழாண்டுகள் கழித்து வறுமையிலும் நோயிலும் தற்கொலை செய்துகொண்டு இறந்தார்.

எதிர்த்துக் கேட்ட முயற்சிகளும் உண்டு. 1896இல் ஓவல் டெஸ்டுக்கு முன் ஏபெல், ஹேவர்டு, ரிச்சர்ட்சன், லோமன், கன் ஆகிய ஐந்து தொழில்முறை ஆட்டக்காரர்கள் ஆட்டக் கூலியை 10 பவுண்டிலிருந்து 20 பவுண்டாக உயர்த்தக் கோரினர். ஆட்டத்தை நடத்திய கழகம் மறுத்தது, முதல் மூவர் கோரிக்கையைக் கைவிட்டு ஆடினர், லோமனும் கன்னும் ஆடவில்லை. கூட்டாகக் கேட்டால் உடைத்துவிடுவார்கள் என்ற பாடம் அப்போதே வெளிப்பட்டுவிட்டது. பார்ன்ஸ் தேர்ந்தது தனியாகக் கேட்டு, கிடைக்காவிட்டால் கதவை மூடிக்கொண்டு வெளியேறும் வழி.

அவர் 1873 ஏப்ரல் 19 அன்று ஸ்டாஃபோர்ட்ஷயரைச் சேர்ந்த ஸ்மெத்விக்கில் பிறந்தார். பர்மிங்காமை ஒட்டிய, புகைபோக்கிகள் அடர்ந்த தொழில் நகரம் அது. தந்தை அப்பகுதி உலோக ஆலை ஒன்றில் அறுபதாண்டுகளுக்கும் மேல் உழைத்தவர். ஒரே முதலாளியிடம் ஆயுளைக் கழித்த தந்தைக்கு, எந்த முதலாளியிடமும் சில ஆண்டுகளுக்கு மேல் நிலைக்காத மகன் பிறந்தது குடும்ப வரலாற்றின் வேடிக்கைகளில் ஒன்று. உள்ளூர்க் கழகத்தில் ஆடிய இளைஞரை வார்விக்ஷயர் கவுண்டி 1894இல் அழைத்தது. அவ்வாண்டுதான் முதல்தர நிலைக்கு உயர்த்தப்பட்டிருந்த அக்கழகம் 1896வரை அவருக்குக் கொடுத்தது ஒருசில ஆட்டங்களே. அவற்றில் அவர் குறிப்பிடத்தக்க எதையும் செய்துவிடவுமில்லை. இதற்கிடையே 1895இல் லங்காஷயர் லீக்கைச் சேர்ந்த ரிஷ்டன் கழகம் வாரச் சம்பளத்துக்கு அழைத்தபோது அவர் அங்கே சென்றுவிட்டார்.

லீக் கிரிக்கெட் என்ற இந்த அமைப்பைச் சற்று விளக்க வேண்டும், ஏனெனில் பார்ன்ஸின் வாழ்க்கை முழுவதும் இதைச் சுற்றியே அமைந்தது. கவுண்டி ஆட்டம் மூன்று நாள்கள் நடக்கும். கோடை முழுவதும் வாரத்தில் ஆறு நாள்கள், ஊருக்கு ஊர் இரயிலேறி ஆட வேண்டும். பருத்தி ஆலைத் தொழிலாளர்கள் நிறைந்த வட இங்கிலாந்துச் சிற்றூர்களுக்கு அது ஒத்துவராது. ஆலைகள் சனிக்கிழமை நண்பகலில் மூடிய பின் கிடைக்கும் அரைநாளே அவர்களுடைய பொழுது. அந்த அரைநாளில் தொடங்கி மாலைக்குள் முடியும் ஆட்டங்களைக் கொண்டு 1890களின் தொடக்கத்தில் லங்காஷயர் லீக் உருவாயிற்று. அணியில் உள்ளூர் நெசவாளி, கடைக்காரர், எழுத்தர் ஆகியோருடன் கூலிக்கு அமர்த்தப்பட்ட தொழில்முறை ஆட்டக்காரர் ஒருவர் இருப்பார். வார நாள்களில் மைதானத்தைப் பராமரிப்பதும் உறுப்பினர்களுக்கு வலைப்பயிற்சி அளிப்பதும் அவர் கடமைகள். ஆட்டத்தில் ஐம்பது ஓட்டமோ குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் விக்கெட்டோ எடுத்தால் பார்வையாளர்களிடையே பெட்டி சுற்றிவரும், சேர்ந்த சில்லறை அவருடையது. கவுண்டிக் குழு பத்தாண்டு கழித்துத் தருவதாக எண்ணிக்கொண்டிருக்கும் நன்றியை ஆலைத்தொழிலாளி அன்று மாலையே காசாகக் கொடுத்துவிட்டுப் போனார். வாரத்தில் ஒரு பிற்பகல் வீசிப் பெறும் வருவாய் ஆறு நாள் வீசிப் பெறுவதற்குக் குறையாமல் இருக்குமானால், தோளும் முழங்காலும் தேயாமல் காக்கப்படும் என்பதை முதலில் துல்லியமாகக் கணக்கிட்டவர் பார்ன்ஸ்.

ரிஷ்டனில் ஐந்து பருவங்கள், பின் பர்ன்லியில் இரண்டு. பத்திரிகைகள் எட்டிப் பார்க்காத அந்த ஏழாண்டுகளில்தான் அவரது பந்துவீச்சு உருவெடுத்தது. அதன் நுட்பத்தை இங்கே விரித்துரைப்பது அவசியம். வலக்கை மட்டையாளருக்கு வெளிப்புறமிருந்து உட்புறமாகத் தரையில் பட்டுத் திரும்பும் பந்து ஆஃப் பிரேக். கால்பக்கத்திலிருந்து வெளிப்புறமாகத் திரும்புவது லெக் பிரேக். முதலாவதை விரல்களால் முறுக்கியும் இரண்டாவதை மணிக்கட்டைச் சுழற்றியும் வீசுவதே வழக்கம். மணிக்கட்டு சுழல்வதால் லெக் பிரேக் வீசுபவரின் வேகம் குறைந்துவிடும், குறியும் தவறும். ஆறடி ஓரங்குல உயரமும் நீண்ட விரல்களும் கொண்ட பார்ன்ஸ், ஆஃப் பிரேக்கை முன்பே கற்றிருந்த நிலையில், மணிக்கட்டைத் திருப்பாமல் விரல்களால் மட்டுமே, திருகுமூடியைத் திறப்பவர்போல முறுக்கி, லெக் பிரேக்கையும் வீசப் பழகினார். விளைவாக, மிதவேகத்துக்கும் சற்றே மிகுந்த வேகத்தில், நேரான கையசைவுடன், பந்து இருபுறமும் திரும்பியது. இதற்கு மேல், முறுக்கப்பட்ட பந்து காற்றிலேயே ஒருபுறம் வளைந்து சென்று தரையில் பட்ட பின் மறுபுறம் திரும்பியது. காற்றில் வளைவதைப் பற்றி ஆஸ்திரேலியாவின் மாண்டி நோபிளிடம் கேட்டறிந்து தன் முறையைச் செப்பனிட்டுக்கொண்டார் என்பதும் பதிவாகியுள்ளது. இன்று பந்தின் தையலைத் தரையில் பட வைத்துத் திசை மாற்றும் மிதவேக வீச்சாளர்களுடன் அவரை ஒப்பிடுவோர் உண்டு. ஆனால் அவர் தையலின் தற்செயலை நம்பியவரல்லர். முறுக்கு ஒவ்வொன்றும் விரலின் கட்டளையால் நிகழ்ந்தது.

மணிக்கட்டுப் பந்துவீச்சாளர்களின் புதிய ஆயுதமாக அப்போது புகழ்பெற்ற கூக்ளி, அதாவது லெக் பிரேக்கின் கையசைவில் ஆஃப் பிரேக்காகத் திரும்பும் ஏமாற்றுப் பந்து, தனக்குத் தேவைப்படவில்லை என்று அவர் பின்னாளில் குறிப்பிட்டதாகச் சொல்லப்படுகிறது. அவர் கூற்றில் செருக்கு இருந்தது, உண்மையும் இருந்தது.

1901 கோடையின் இறுதியில் லங்காஷயரின் தலைவர் ஆர்ச்சி மெக்லாரன் ஓல்ட் டிராஃபோர்டின் வலைப்பயிற்சிக்கு அவரை அழைத்து, தானே மட்டை பிடித்துச் சோதித்துப் பார்த்தார். லெஸ்டர்ஷயருக்கு எதிராக ஆட வைத்தபோது 70 ஓட்டங்களுக்கு 6 விக்கெட்டுகள் வீழ்ந்தன. அவ்வளவே போதுமென்று கருதி, அந்தக் குளிர்காலத்தில் ஆஸ்திரேலியா செல்லவிருந்த தன் அணியில் மெக்லாரன் அவரைச் சேர்த்துக்கொண்டார். மேரிலபோன் கிரிக்கெட் கழகம், அதாவது எம்.சி.சி., வெளிநாட்டுப் பயணங்களைப் பொறுப்பேற்று நடத்தத் தொடங்கியது 1903–04இல்தான். 1901இல் சென்றது தனிமனிதர் திரட்டிய அணி என்பதால் தலைவரின் விருப்பமே தேர்வுக்குழுவின் தீர்ப்பாக இருந்தது. ஹர்ஸ்ட், ரோட்ஸ் இருவரையும் அனுப்ப யார்க்ஷயர் மறுத்திருந்த நெருக்கடியும் சேர்ந்தே மெக்லாரனை இந்தத் துணிவுக்குத் தள்ளியது. முதல்தரக் கிரிக்கெட்டில் விரல்விட்டு எண்ணத்தக்க ஆட்டங்களே ஆடியிருந்த 28 வயது லீக் வீச்சாளரை அழைத்துச் செல்வது பித்து என்று எழுதியவர்கள், சிட்னியில் முதல் டெஸ்டில் அவர் 65 ஓட்டங்களுக்கு 5 விக்கெட்டுகளையும், மெல்போர்னில் இரண்டாவது டெஸ்டில் 6, 7 என இரு இன்னிங்ஸ்களிலும் சேர்த்து 13 விக்கெட்டுகளையும் எடுத்த செய்தியைச் சில வாரங்களில் அச்சிட வேண்டியதாயிற்று. ஆனால் மெக்லாரன் அவரை ஓய்வின்றி வீசவைத்ததன் பலனாக அடிலெய்டில் முழங்கால் பழுதுபட்டது. அத்துடன் அவர் பயணம் முடிந்தது. முதல் டெஸ்டில் இன்னிங்ஸ் வெற்றி பெற்ற இங்கிலாந்து தொடரை 4–1 என்று இழந்தது. மிகை உழைப்பு என்ன செய்யும் என்பதை பார்ன்ஸ் மறக்கவேயில்லை.

இந்தத் தலைவருக்கும் வீச்சாளருக்கும் இடையிலிருந்த உறவை விளக்க ஒரு கதை வழிவழியாகச் சொல்லப்படுகிறது. புயலில் கப்பல் தத்தளித்தபோது, மூழ்கினாலும் கவலையில்லை, நம்மோடு அந்த பார்ன்ஸும் மூழ்குவான் என்று மெக்லாரன் ஆறுதல் கூறினாராம். கதையின் உண்மை எப்படியிருந்தாலும், அது உயிரோடு இருந்ததே அவரைப் பற்றிய பொதுக்கருத்தைக் காட்டும்.

1902, 1903 ஆகிய இரு பருவங்கள் மட்டுமே அவர் லங்காஷயருக்கு முழுநேரம் ஆடினார். 1902இல் ஷெஃபீல்டு டெஸ்டில் ஆஸ்திரேலியாவை 49 ஓட்டங்களுக்கு 6 விக்கெட்டுகள் எடுத்து நிலைகுலைய வைத்தவர், அடுத்த டெஸ்டுக்கே சேர்த்துக்கொள்ளப்படவில்லை. அந்த ஆட்டம் அவருடைய சொந்த மைதானமான ஓல்ட் டிராஃபோர்டில் நடந்தது. இங்கிலாந்து 3 ஓட்டங்களில் தோற்றது. தேர்வாளர்களின் விளக்கம் எதுவாக இருந்தாலும் அதைச் சரியான முடிவென்று வாதாட இன்றுவரை எவரும் முன்வரவில்லை. 1903இல் லங்காஷயருக்காக 131 விக்கெட்டுகளை 17.85 சராசரியில் எடுத்த பின், குளிர்காலத்துக்கான வேலை உறுதி, எதிர்காலத்தில் உதவிநிதி ஆட்டத்துக்கான உறுதிமொழி ஆகியவற்றை அவர் கேட்டதாகவும், கழகம் அதற்கு இசையவில்லை என்றும் தெரிகிறது. மற்றவர்கள் சலுகையென்று காத்திருந்ததை ஒப்பந்தத்தில் எழுதித் தருமாறு அவர் கேட்டார். கழகக் குழுவின் பார்வையில் இது அடங்காமை. வழக்கறிஞரின் பார்வையில் பார்த்தால், வேலைக்குச் சேரும் முன் யாரும் கேட்க வேண்டிய கேள்வி. மறுப்பு வந்ததும் அவர் வெளியேறி, லங்காஷயர் லீக்கின் சர்ச் கழகத்துக்குச் சென்றார். இனி எந்த முதல்தரக் கவுண்டிக்கும் அவர் ஆடப்போவதில்லை.

சொந்த ஊருக்கு அருகே திரும்பியவர் ஸ்டாஃபோர்ட்ஷயர் நிலக்கரிச் சுரங்க அலுவலகத்தில் எழுத்தராகப் பணியாற்றினார். சனிக்கிழமைகளில் லீக் ஆட்டம். ஆண்டுக்குச் சில நாள்கள் மைனர் கவுண்டி எனப்படும் இரண்டாம் நிலை மாவட்டங்களின் போட்டியில் ஸ்டாஃபோர்ட்ஷயருக்கு ஆட்டம். 1904இல் தொடங்கி 1935வரை, இடையிடையே விட்டுவிட்டு, அந்தக் கவுண்டிக்காக 1,400க்கு மேற்பட்ட விக்கெட்டுகளை விக்கெட்டுக்கு ஏறத்தாழ 8 ஓட்டங்கள் என்ற விலையில் எடுத்தார். எதிரணிகள் வலுக்குறைந்தவை என்பது உண்மை; ஆனாலும் முப்பதாண்டுக் காலம் தளராத துல்லியத்தை எதிரியின் பலவீனத்தைக் கொண்டு மட்டும் விளக்கிவிட முடியாது. இந்த ஏற்பாட்டில் அவருக்கு மாதச் சம்பளம் இருந்தது, குளிர்காலக் கவலை இல்லை, உடல் தேயவில்லை. இழப்பு ஒன்றே: தேர்வாளர்கள் அவரை மறந்தார்கள். 1902 ஜூலைக்குப் பின் 1907 டிசம்பர்வரை அவர் ஒரு டெஸ்டும் ஆடவில்லை. ஒரு பந்துவீச்சாளரின் 29 முதல் 34 வயதுவரையிலான காலம், அதாவது அவரது உச்சம், இங்கிலாந்துக்குப் பயன்படாமல் சுரங்க ஊர்களின் புல்வெளிகளில் கழிந்தது. இதற்கான பழியை அவர் தலையில் மட்டும் சுமத்துவது அன்றைய பத்திரிகைகளின் வழக்கம். கேட்ட உறுதியைத் தர மறுத்த கழகமும், கவுண்டிக்கு ஆடாதவரைத் திரும்பிப் பார்க்காத தேர்வுமுறையும் அந்தப் பழியில் பாதிக்கு மேல் உரியவை.

1907–08 ஆஸ்திரேலியப் பயணத்துக்கு அழைப்பு வந்தது. 24 விக்கெட்டுகள் எடுத்தாலும் சராசரி 26ஐத் தாண்டிய அந்தத் தொடரில் அவர் நினைவுகூரப்படுவது மட்டைக்காக. மெல்போர்ன் டெஸ்டில் இங்கிலாந்தின் கடைசி விக்கெட் இணைக்கு 39 ஓட்டங்கள் தேவைப்பட்டபோது பார்ன்ஸ் 38 ஓட்டங்களுடனும் ஆர்தர் ஃபீல்டர் 18 ஓட்டங்களுடனும் ஆட்டமிழக்காமல் நின்றனர். வெற்றி ஓட்டத்துக்குப் பாய்ந்த வேளையில் ஹாஸ்லிட் எறிந்த பந்து குறிதவறியிராவிட்டால் ஆட்டம் சமனில் முடிந்திருக்கும். 1910ஆம் ஆண்டு விஸ்டன் ஆண்டுமலர் அவரை ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர்களுள் ஒருவராகத் தேர்ந்தது. எந்த முதல்தரக் கவுண்டிக்கும் ஆடாத ஒருவருக்கு அக்காலத்தில் இது எளிதில் கிட்டாத மதிப்பு.

1911–12 பயணம் அவர் வாழ்க்கையின் நடுநாயகம். தலைவராகச் சென்ற பெல்ஹாம் வார்னர் நோய்வாய்ப்பட்டதால் அமெச்சூரான ஜே. டபிள்யூ. எச். டி. டக்ளஸ் பொறுப்பேற்றார். சிட்னியில் முதல் டெஸ்டில் டக்ளஸ் புதிய பந்தை இடக்கை வேகவீச்சாளர் ஃபிராங்க் ஃபாஸ்டருடன் தானே பகிர்ந்துகொண்டு, பார்ன்ஸைப் பின்னர் வீசவைத்தார். புதிய பந்து காற்றில் வளையும், தையல் உயர்ந்திருக்கும். அதைத் தனக்கு மறுத்ததை அவர் அவமதிப்பாகவே எடுத்துக்கொண்டு வெளிப்படையாகச் சினந்தார். இங்கிலாந்து 146 ஓட்டங்களில் தோற்றது. இரண்டாவது டெஸ்ட் 1911 டிசம்பர் 30 அன்று மெல்போர்னில் தொடங்கியபோது புதிய பந்து பார்ன்ஸின் கையில் இருந்தது. உடல்நலம் குன்றிய நிலையிலேயே அவர் அன்று களமிறங்கினார். பார்ட்ஸ்லி, கெல்லவே, கிளெம் ஹில், ஆம்ஸ்ட்ராங் ஆகிய நால்வரும் வெளியேறியபோது ஆஸ்திரேலியாவின் ஓட்டங்கள் 11. பார்ன்ஸின் பந்தில் எடுக்கப்பட்டது அதுவரை ஒன்றே ஒன்று. சற்று ஓய்வுக்குப் பின் மின்னெட்டையும் வீழ்த்தினார்; 6 ஓட்டங்களுக்கு 5 விக்கெட்டுகள். களத்தடுப்பாளர்களை நிதானமாக இடம்மாற்றிக்கொண்டிருந்த அவரைப் பார்வையாளர்கள் கூச்சலிட்டுக் கேலி செய்தபோது, பந்தைத் தரையில் போட்டுவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டு, இரைச்சல் அடங்கும்வரை நின்றார். இறுதியில் 23 ஓவர்களில் 44 ஓட்டங்களுக்கு 5 விக்கெட்டுகள், ஆட்டம் இங்கிலாந்துக்கு. தொடரில் பார்ன்ஸ் 34, ஃபாஸ்டர் 32 விக்கெட்டுகள் எடுக்க, இங்கிலாந்து 4–1 என்று வென்றது.

இந்நிகழ்ச்சியில் கூர்ந்து காண வேண்டியது ஒன்று உண்டு. முதல் டெஸ்டில் யார் முதலில் வீசுவது என்பதை ஓர் அமெச்சூர், தன் பதவியின் உரிமையால் முடிவு செய்தார். இரண்டாவது டெஸ்டில் அதே அமெச்சூர் கூலிக்கு ஆடுபவரின் கணிப்புக்கு வழிவிட்டார். தலைமை வகுப்புக்குரியது, அறிவு ஊழியருக்குரியது என்ற பிரிவினை ஓர் ஆட்ட இடைவெளியில் தோற்றுப்போனது. வகுப்புமுறை அதனால் கலையவில்லை. அடுத்த அரைநூற்றாண்டு அது நீடித்தது.

இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா ஆகிய மூன்று நாடுகள் மோதிய 1912 முத்தரப்புத் தொடரில் அவர் 39 விக்கெட்டுகளை 10.35 சராசரியில் எடுத்தார். ஓவல் மைதானத்தில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக 57 ஓட்டங்களுக்கு 13 விக்கெட்டுகள். 1913–14இல் தென்னாப்பிரிக்கா சென்றபோது, அங்கே புல்தரைக்குப் பதில் பாய் விரித்த ஆடுதளங்கள். முறுக்கிய பந்தைப் பாய் கவ்விப்பிடித்துத் திருப்பும். டர்பனில் முதல் டெஸ்டில் 10, ஜோஹன்னஸ்பர்க்கில் இரண்டாவதில் 8, 9 என்று மொத்தம் 17, அதே நகரில் மூன்றாவதில் 8, மீண்டும் டர்பனில் நான்காவதில் 14: நான்கு ஆட்டங்களில் 49 விக்கெட்டுகள், சராசரி 10.93. ஒரே ஆட்டத்தில் 17 என்ற எண்ணிக்கையை 1956இல் ஜிம் லேக்கர் 19 எடுத்துக் கடந்தார். ஒரு தொடரில் 49 என்பதை இதுவரை எவரும் கடக்கவில்லை.

இவ்வெண்களை எடைபோடும்போது நிதானம் வேண்டும். அவரது 189 விக்கெட்டுகளில் 83 தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக வெறும் 7 ஆட்டங்களில் வந்தவை. அந்நாட்டு மட்டைவீச்சு அப்போது ஹெர்பி டெய்லர் ஒருவரையே பெரிதும் நம்பியிருந்தது. எவ்வளவு தடுமாறினாலும் பார்ன்ஸை எதிர்த்தே 1913–14 தொடரில் 508 ஓட்டங்கள் குவித்த டெய்லரின் ஆட்டம், அந்தப் பந்துவீச்சு வெல்லவே முடியாததன்று என்பதற்குச் சான்று. எனவே அவரது உண்மை அளவுகோல் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான 20 ஆட்டங்கள்: 106 விக்கெட்டுகள், சராசரி 21.58. டிரம்பர், ஹில், பார்ட்ஸ்லி, ஆம்ஸ்ட்ராங் போன்றோரை எதிர்த்து, பெரும்பகுதி மட்டைக்குச் சாதகமான ஆஸ்திரேலியத் தளங்களில் பெற்ற இந்த எண்ணே, பாய்த்தளத்தில் பெற்ற 17 விக்கெட்டுகளைவிட அவர் தரத்தை உறுதியாகச் சொல்லும்.

அந்தத் தென்னாப்பிரிக்கப் பயணத்தின் ஐந்தாவது டெஸ்டில் பார்ன்ஸ் ஆடவில்லை. உடன் வந்திருந்த மனைவி, மகன் ஆகியோரின் தங்குமிடச் செலவு குறித்தும், தருவதாகச் சொன்ன வெகுமதி குறித்தும் எழுந்த பிணக்கே காரணம் என்பது பரவலான கருத்து. நாட்டுக்காக ஆடும் வாய்ப்பைச் செலவுக் கணக்குக்காக உதறியது அன்று பலருக்கு அதிர்ச்சியாக இருந்தது. ஆனால் அவரளவில் டெஸ்ட் ஆட்டமும் ஒப்பந்தம், ரிஷ்டன் ஆட்டமும் ஒப்பந்தம். ஒப்பிய தரப்பு ஒப்பியதைச் செய்யாவிட்டால் மறுதரப்பு கட்டுப்பட வேண்டியதில்லை. அவர் முரடர், சிடுசிடுப்பானவர், தன்னுடன் ஆடிய ஊழியர்களிடம்கூட இணக்கமாகப் பழகத் தெரியாதவர் என்பதை மறைக்க வேண்டியதில்லை. களத்தில் ஒரு பிடி தவறினால் முகம் சுளிப்பார். புகழ்ச்சியை விரும்பவுமில்லை, வழங்கவுமில்லை. எனினும், கூலி விஷயத்தில் அவர் எழுப்பிய கேள்விகளுக்கு அவர் குணத்தைப் பதிலாகக் காட்டித் தப்பித்துக்கொண்டவர்கள் கழகக் குழுக்களில் அமர்ந்திருந்தவர்களே.

சில மாதங்களில் உலகப் போர் மூண்டது. கவுண்டி ஆட்டங்கள் நின்றுபோக, ஆலைத் தொழிலாளர்களுக்குப் பொழுதுபோக்கு வேண்டுமென்று தொடர்ந்து நடந்த பிராட்ஃபோர்டு லீக் நாட்டின் சிறந்த ஆட்டக்காரர்களை ஈர்த்தது. ஜாக் ஹாப்ஸ் ஐடில் கழகத்துக்கு ஆடினார். பார்ன்ஸ் சால்டெய்ர் கழகத்துக்கு வீசினார். சிறப்புமிக்க கவுண்டி வீரர்கள் போரால் தற்காலிகமாக வந்தடைந்த ஏற்பாட்டில் அவர் இருபதாண்டுகளாக வாழ்ந்துவந்தவர். போருக்குப் பின்னும், 1923வரை அங்கேயே இருந்தார். பின் வேல்ஸின் கால்வின் பே. 1928இல், 55ஆம் வயதில், லாண்டுட்னோவில் வேல்ஸுக்காக மேற்கிந்தியத் தீவு அணிக்கு எதிராக இரு இன்னிங்ஸ்களிலும் சேர்த்து 12 விக்கெட்டுகள் எடுத்து வெற்றி தேடித் தந்தார். மறு ஆண்டு மைனர் கவுண்டிகள் அணிக்காகத் தென்னாப்பிரிக்கருக்கு எதிராக 41 ஓட்டங்களுக்கு 8 விக்கெட்டுகள். வாரத்துக்கு ஒரு பிற்பகல் என்று அளந்து செலவிட்ட உடல், கவுண்டிப் பணியில் உழன்ற அவர் காலத்து வேகவீச்சாளர்கள் ஓய்ந்து பல்லாண்டான பின்பும் வேலை செய்தது.

முதுமையில் அவர் ஸ்டாஃபோர்ட்ஷயர் மாவட்ட மன்றத்தின் சட்டத்துறையில் ஆவணங்களை அழகெழுத்தில் எழுதும் பணியில் இருந்தார். 1957இல் அரசி எலிசபெத் ஸ்டாஃபோர்டுக்கு வந்தபோது அளிக்கப்பட்ட வரவேற்புச் சுருள் அவர் கையால் எழுதப்பட்டதே. முறுக்கிய விரல்கள் எண்பத்து நான்காம் வயதிலும் நடுங்கவில்லை.

1949இல் எம்.சி.சி., முன்னாள் தொழில்முறை ஆட்டக்காரர்கள் 26 பேரை வாழ்நாள் கௌரவ உறுப்பினர்களாக ஏற்றுக்கொண்டது. அவர்களுள் பார்ன்ஸும் ஒருவர். லார்ட்ஸ் மாளிகையின் உறுப்பினர் வாயில் அவருக்குத் திறந்தபோது வயது 76. 1962 இறுதியில் அமெச்சூர், தொழில்முறை என்ற பாகுபாடே நீக்கப்பட்டது. மறு ஆண்டு முதல் முதல்தரக் கிரிக்கெட்டில் ஆடியவர் அனைவரும் வெறும் கிரிக்கெட் ஆட்டக்காரர்கள். அதையும் பார்த்துவிட்டு, 1967 டிசம்பர் 26 அன்று ஸ்டாஃபோர்ட்ஷயரின் சாட்ஸ்மோரில் அவர் காலமானார்.

பார்ன்ஸ் கழகத்தை விட்டு விலகித் தன்னைக் காத்துக்கொண்டவர். தலைவர் சொன்னபடியே வீசி, அதற்கான தண்டனையையும் தானே ஏற்ற நாட்டிங்காம்ஷயரின் சுரங்கத் தொழிலாளி ஹெரால்ட் லார்வுட்டின் கதை அடுத்த இயலில் தொடரும்.